மிக்ஸட் மாடலில் மாறிகளைத் தானாகத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: 40 பள்ளிகள், பள்ளிக்கு 25 பேர் வீதம் 1000 மாணவர்கள். மதிப்பெண்ணை விளக்க 20 மாறிகள் கையில் இருக்கின்றன. அவற்றில் 12 மாணவரைப் பற்றியவை, 8 பள்ளியைப் பற்றியவை. சாதாரண ரெக்ரஷனில் 'ஸ்டெப்' கட்டளை கொடுத்தால் தேவையில்லாத மாறிகள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. மாணவர்கள் பள்ளிகளுக்குள் குழுக்களாக இருப்பதைக் கணக்கில் கொள்ளும் மிக்ஸட் மாடலை, ஆர் மென்பொருளின் 'எல்எம்இ4' தொகுப்பில் உள்ள 'லெமர்' கட்டளையால் ஓட்டி, அதற்கு அதே 'ஸ்டெப்' கட்டளையைக் கொடுத்தால் பிழை வருகிறது. இதற்கு ஈடாக வேறு என்ன இருக்கிறது? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தக் கட்டளை வேலை செய்யும் என்பது ஒன்று, வருகிற முடிவை நம்பி எழுதலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒரு பத்தி போதும். இரண்டாவதற்குத்தான் இந்த நீளம்.

'லெமர்டெஸ்ட்' தொகுப்பை ஏற்றிக்கொண்டு மாடலை மறுபடி ஓட்டினால் 'ஸ்டெப்' வேலை செய்யும். அது முதலில் ரேண்டம் எஃபெக்ட்களை (பள்ளிக்குப் பள்ளி மாறும் பகுதி) 0.1 எல்லையிலும், பிறகு ஃபிக்ஸட் எஃபெக்ட்களை (எல்லாப் பள்ளிக்கும் பொதுவான பகுதி) 0.05 எல்லையிலும் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போகும். எல்லை என்பது பி-மதிப்புக்கு, அதாவது விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வலுவான முடிவு தற்செயலாக வரும் வாய்ப்புக்கு, வைக்கும் வரம்பு. இரண்டு எல்லைகளையும் நீங்கள் மாற்றலாம், குறிப்பிட்ட மாறிகளைக் கழிக்கக் கூடாது என்றும் சொல்லலாம். பழைய 'என்எல்எம்இ' தொகுப்பின் 'எல்எம்இ' மாடல் என்றால், எம்எல் (அதிகபட்ச லைக்லிஹூட்) முறையில் ஓட்டியிருக்கும் பட்சத்தில், 'மாஸ்' தொகுப்பின் 'ஸ்டெப்ஏஐசி' ஏற்றுக்கொள்ளும். 'மியூமின்' தொகுப்பின் 'ட்ரெட்ஜ்' எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டிப் பார்க்கும். ஆனால் 20 மாறிகளுக்கு 10,48,576 சேர்க்கைகள். ஒரு மாடலுக்கு ஒரு விநாடி என்று வைத்தால்கூட 12 நாள் ஆகும். 'பில்ட்மெர்' என்ற தொகுப்பு, மாடலின் கணக்கீடு ஒரு விடையில் வந்து நிற்காமல் போகும் சிக்கலையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டு வரிசையாகக் கட்டும், பிறகு கழிக்கும். தண்டம் விதித்துத் தேவையற்ற மாறிகளின் கெழுக்களைப் பூஜ்யமாக்கும் லாசோ வழியில் போக 'ஜிஎல்எம்எம்லாசோ' இருக்கிறது. கருவிக்குப் பஞ்சமில்லை.

இனி நம்பிக்கை பற்றி. முற்றிலும் உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில்: தேர்வு நடந்து முடிந்த பிறகு கடைசி மாடலில் அச்சாகும் பி-மதிப்புகளுக்கு அவை சொல்லும் பொருள் கிடையாது. மாறி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்ட எண்கள் அவை. 20 மாறிகளும் வெறும் இரைச்சலாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தாலும், 5% எல்லையில் குறைந்தது ஒன்றாவது 'முக்கியம்' என்று வர 64% வாய்ப்பு உண்டு. மாடலின் பொருத்தத்தையும் மாறிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும் ஏஐசி என்ற அளவுகோல் இதைவிடத் தாராளமானது. ஒரு மாறியை வைத்துக்கொள்ள அது கேட்பது கை-வர்க்க மதிப்பு (அந்த மாறியால் பொருத்தம் எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் சோதனை எண்) 2-ஐத் தாண்ட வேண்டும் என்பதை மட்டும்தான். அது பி-மதிப்பில் 0.157-க்குச் சமம். ஆக 20 இரைச்சல் மாறிகளில் சராசரியாக மூன்று உள்ளேயே தங்கிவிடும். புள்ளியியலாளர் டேவிட் ஃப்ரீட்மேன் 1983-இல் இதை எளிமையாகக் காட்டினார். 100 வரிசைகள், 50 விளக்க மாறிகள், எல்லாமே தற்செயல் எண்கள். முதல் ஓட்டத்தில் 25% எல்லையைத் தாண்டிய 15 மாறிகளை மட்டும் வைத்து மறுபடி ஓட்டியபோது, அவற்றில் 6 மாறிகள் 5% எல்லையில் முக்கியமாகத் தெரிந்தன, மாடல் முழுவதும் மிக வலுவானதாகத் தோன்றியது. இது சாதாரண ரெக்ரஷனிலேயே உள்ள நோய். மிக்ஸட் மாடலில் இதோடு வேறு சில நோய்களும் சேர்கின்றன, அவற்றைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை.

அவற்றில் முதலாவது, எண்ணிக்கை பற்றியது. உங்கள் தரவில் 1000 வரிசைகள் இருந்தாலும், பள்ளி அளவிலான அந்த 8 மாறிகளைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது 40 தகவல்கள்தான். ஆசிரியர்-மாணவர் விகிதம் ஒரே பள்ளியின் 25 வரிசைகளிலும் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 25 முறை எழுதியதால் அது 25 தகவலாகிவிடாது. எனவே பள்ளி மாறிகளுக்குள் தேர்வு செய்வது, 40 வரிசை உள்ள ரெக்ரஷனில் 8 மாறிகளில் தேர்வு செய்வதற்கு ஒப்பானது. 40 வரிசையில் இப்படிப் படிப்படியாகத் தேரும் ஸ்டெப்வைஸை யாரும் நம்ப மாட்டார்கள். 1000 என்ற எண் கண்ணில் படுவதால் நம்பிவிடுகிறார்கள். மாணவர் மதிப்பெண்ணிலும் இந்தப் பாதிப்பு உண்டு. பள்ளிக்குள் உள்ள ஒற்றுமையின் அளவு 0.2 என்று வைத்தால், மொத்தச் சராசரியை மதிப்பிடும் வேலைக்கு உங்கள் 1000 பேர் ஏறத்தாழ 172 தனித்த நபர்களுக்குச் சமம்: 1000-ஐ 1 + 24 × 0.2, அதாவது 5.8-ஆல் வகுத்தால் கிடைப்பது.

ஏஐசி போன்ற, ஆனால் தண்டம் கடுமையான பிஐசியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் நேரடியாக முகத்தில் அறையும். பிஐசி ஒவ்வொரு மாறிக்கும் விதிக்கும் தண்டம், மாதிரி அளவின் இயற்கை லாகரிதம். எந்த அளவு? 'எல்எம்இ4' மொத்த வரிசைகளை எடுத்துக்கொள்கிறது. லாக் 1000 என்றால் 6.91, பி-மதிப்பில் ஏறத்தாழ 0.009. பள்ளிகளின் எண்ணிக்கையை எடுத்தால் லாக் 40, அதாவது 3.69, பி-மதிப்பில் ஏறத்தாழ 0.055. ஒரே தரவு, ஒரே மாடல், ஒரே அளவுகோலின் பெயர். ஒரு பள்ளி மாறி தங்குமா வெளியேறுமா என்பது மட்டும் மென்பொருள் எதை 'என்' என்று எடுத்துக்கொண்டது என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. குழு அளவில் செயல்படும் அளபுருக்களுக்கு (மாடல் மதிப்பிடும் எண்களுக்கு)க் குழுக்களின் எண்ணிக்கையையும் மற்றவற்றுக்கு மொத்த வரிசையையும் பயன்படுத்தும் கலவைப் பிஐசியை டெலாட்ர், லவியேல், பூர்சா மூவரும் 2014-இல் முன்வைத்தார்கள். தர்க்கப்படி அது சரியான திசை. ஆனால் நீங்கள் கட்டளை கொடுத்ததும் அச்சாகும் பிஐசி அது அல்ல.

இரண்டாவது சிக்கல் ஆர்இஎம்எல், அதாவது ஃபிக்ஸட் விளைவுகளைக் கழித்துவிட்டு மாறுபாடுகளை மதிப்பிடும், எம்எல்லின் திருத்திய வடிவம். 'லெமர்' இயல்பாக ஆர்இஎம்எல் முறையில்தான் ஓடும். மாறுபாடுகளை மதிப்பிட அது நல்லது. ஆனால் ஃபிக்ஸட் மாறிகள் வேறுபடும் இரண்டு மாடல்களை ஆர்இஎம்எல் லைக்லிஹூட் (மாடல் தரவோடு பொருந்தும் அளவு) கொண்டோ அதிலிருந்து வரும் ஏஐசி கொண்டோ ஒப்பிடக் கூடாது. காரணத்தை ஒரு சிறு சோதனையில் கண்ணால் பார்க்கலாம். மாணவரின் உயரம் ஒரு மாறி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் கொடுத்து மாடலை ஓட்டி ஆர்இஎம்எல் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தைச் சென்டிமீட்டரில் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். கணிப்புகள் இம்மியும் மாறாது, எச்சங்கள் மாறாது, டி-மதிப்பு மாறாது. ஆனால் ஏஐசி 9.21 கூடியிருக்கும், 100-இன் இயற்கை லாகரிதத்தின் இரு மடங்கு. ஆர்இஎம்எல் வாய்பாட்டுக்குள் விளக்க மாறிகளின் அணிக்கோவை ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அது மாறியின் அலகைச் சுமந்துகொண்டு வருகிறது. வெறும் அலகு மாற்றத்தால் 9 புள்ளி நகரும் அளவுகோலை வைத்துக்கொண்டு, 2 புள்ளி வித்தியாசத்துக்கு ஒரு மாறியை வெளியேற்றுவது அர்த்தமற்றது. ஃபிக்ஸட் பகுதியை ஒப்பிடும்போது எம்எல். ஃபிக்ஸட் பகுதியை மாற்றாமல் ரேண்டம் பகுதியை மட்டும் ஒப்பிடும்போது ஆர்இஎம்எல். கடைசியாக அறிக்கைக்கு ஆர்இஎம்எல். 'அனோவா' கட்டளை மாடல்களை எம்எல் முறையில் மறுபடி ஓட்டிக் காப்பாற்றிவிடும். 'ஏஐசி' கட்டளையை நேரடியாகக் கொடுத்தால் அப்படிக் காப்பாற்ற யாருமில்லை.

மூன்றாவதாக, ரேண்டம் எஃபெக்ட்களையும் தானாகக் கழிக்க விடுவது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். படிக்கும் நேரத்தின் பலன் பள்ளிக்குப் பள்ளி உண்மையிலேயே மாறுகிறது, ஆனால் 40 பள்ளிகளில் அந்த மாற்றத்தை நிரூபிக்கும் வலு சோதனைக்கு இல்லை என்று வையுங்கள். 'ஸ்டெப்' அந்த மாற்றத்தைக் குறிக்கும் ரேண்டம் சாய்வை முதலிலேயே நீக்கிவிடும். நீக்கிய மறுகணம், படிக்கும் நேரத்தின் ஃபிக்ஸட் மதிப்புக்கான திட்டப்பிழை (அந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மை) சுருங்கும். ஏனென்றால் இப்போது மாடல் அதை 40 பள்ளிகளின் சாட்சியாக எண்ணாமல் 1000 மாணவர்களின் சாட்சியாக எண்ணுகிறது. அடுத்த கட்டத்தில் அதே மாறி பளிச்சென்று முக்கியமாகத் தெரியும். முதல் படியில் செய்த பிழை இரண்டாம் படியில் கண்டுபிடிப்பாக வேடம் போட்டு வருகிறது. உங்கள் ஆய்வுக் கேள்வி எந்த மாறியைப் பற்றியதோ, அதன் ரேண்டம் சாய்வைத் தானியங்கியிடம் விடாதீர்கள்.

இதோடு எல்லைப் பிரச்சினையும் இருக்கிறது. மாறுபாடு பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, சோதிப்பதும் பூஜ்யமா என்பதைத்தான். எல்லையில் நின்று சோதிப்பதால் வழக்கமான கை-வர்க்க அட்டவணை பொருந்தாது. ஒரே ஒரு மாறுபாட்டைச் சோதிக்கும்போது பி-மதிப்பைப் பாதியாக்க வேண்டும். லைக்லிஹூட் விகிதம் 3.2 என்றால் அட்டவணை 0.074 காட்டும், சரியானது 0.037. சாய்வோடு, இன்டர்செப்டுக்கும் (பள்ளியின் அடிப்படை மட்டம்) சாய்வுக்கும் உள்ள உடன்தொடர்பையும் சேர்த்துச் சோதித்தால், ஒன்று, இரண்டு கட்டின்மைக் கூறுகள் உள்ள இரு கை-வர்க்கங்களின் சம கலவையோடு ஒப்பிட வேண்டும். இதைத் திருத்தாத கட்டளைகள் ரேண்டம் பகுதியைத் தேவைக்கு மேல் கழிக்கும் பக்கமே சாயும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இன்டர்செப்டோடு நான்கு சாய்வுகள் வைத்து எல்லா உடன்தொடர்புகளையும் அனுமதித்தால் 15 அளபுருக்கள். 40 பள்ளிகள் அதைத் தாங்காது, 'சிங்குலர்' (சில மாறுபாடுகள் பூஜ்யத்திலோ உடன்தொடர்புகள் உச்சத்திலோ சிக்கிவிட்டன) என்ற எச்சரிக்கை வரும். அப்போது முதலில் உடன்தொடர்புகளை நீக்குங்கள், 15 அளபுருக்கள் 5 ஆகிவிடும். அதிலும் பூஜ்யமாகவே வரும் சாய்வுகளை அதன் பிறகு நீக்கலாம்.

மாணவர் அளவிலான மாறிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. 'படிக்கும் நேரம்' என்ற ஒரே நெடுவரிசைக்குள் இரண்டு மாறிகள் ஒளிந்திருக்கின்றன. பள்ளியின் சராசரிப் படிப்பு நேரம் ஒன்று, அந்தச் சராசரியிலிருந்து இந்த மாணவர் எவ்வளவு விலகுகிறார் என்பது மற்றொன்று. இரண்டின் விளைவும் வேறாக, சில சமயம் எதிர்த் திசையில்கூட, இருக்கலாம். பிரிக்காமல் கொடுத்தால் மாடல் இரண்டையும் கலந்து ஒரு எண் தரும், அது எந்தக் கேள்விக்கும் பதிலாகாது. பொருளியலாளர் முண்ட்லாக் 1978-இல் எழுதியதன் சாரம் இது. தேர்வுக்கு முன்பே பிரித்துவிடுங்கள், பிரித்த இரண்டும் சேர்ந்தே உள்ளே வரட்டும், சேர்ந்தே வெளியேறட்டும். பல வகைகள் கொண்ட மாறிக்கும் இதே விதிதான். நான்கு வகை உள்ள ஒரு மாறியின் மூன்று டம்மிகளில் (0 அல்லது 1 மட்டும் உள்ள நெடுவரிசைகளில்) ஒன்றை மட்டும் கழித்தால், அந்த வகையும் அடிப்படை வகையும் ஒன்றே என்று நீங்கள் அறியாமலேயே அறிவித்துவிடுகிறீர்கள்.

விடுபட்ட மதிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: 'லெமர்' விடுபட்ட வரிசைகளைச் சொல்லாமல் தூக்கி எறியும். ஒரு மாறி சேர்ந்தால் 930 வரிசை, நீங்கினால் 985 வரிசை என்று இருந்தால் அந்த இரண்டு ஏஐசிகளும் வெவ்வேறு தரவுகளைப் பற்றியவை. 'ட்ரெட்ஜ்' பிடிவாதமாக, விடுபட்ட மதிப்பு இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடும் 'என்ஏ.ஃபெயில்' அமைப்பைக் கேட்பது இதற்காகத்தான், அந்தப் பிழைச்செய்தியைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள்.

லாசோ இவற்றில் சிலவற்றைத் தீர்க்கும், எல்லாவற்றையும் அல்ல. படிப்படியாகக் கழிப்பதைவிட அது நிதானமானது, ஒரு மாறியை ஒரேயடியாக வெளியேற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்குகிறது. தொடங்கும் முன் எண் மாறிகள் எல்லாவற்றையும் சராசரி 0, திட்டவிலக்கம் 1 என்று தரப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தண்டம் அலகைப் பார்த்து விழும். பள்ளி எண் ஃபேக்டராக இருக்க வேண்டும். தண்டத்தின் அளவான லாம்டாவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எல்லா மாறிகளும் பூஜ்யமாகும் அளவு பெரிய லாம்டாவில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் அடுத்ததன் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள். அப்படிச் செய்யாமல் ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் சில லாம்டாக்களில் மட்டும் முடிவு திடீரென்று துள்ளும். லாசோ தரும் கெழுக்கள் பூஜ்யம் நோக்கிச் சுருக்கப்பட்டவை. தேர்ந்த மாறிகளை மட்டும் எடுத்து மறுபடி சாதாரண மிக்ஸட் மாடலில் ஓட்டி பி-மதிப்பு எழுதினால், ஃப்ரீட்மேன் காட்டிய அதே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறீர்கள்.

லாம்டாவைக் குறுக்குச் சரிபார்ப்பால் தேர்வதாக இருந்தால், மாணவர்களைப் பிரிக்காதீர்கள், பள்ளிகளைப் பிரியுங்கள். ஒரே பள்ளியின் 20 பேர் பயிற்சித் தரவிலும் 5 பேர் சோதனைத் தரவிலும் இருந்தால், மாடல் அந்தப் பள்ளியை ஏற்கெனவே பார்த்துவிட்டது, பிழை செயற்கையாகக் குறைந்து தெரியும். 40 பள்ளிகளை 10 கட்டாக, கட்டுக்கு 4 பள்ளிகள் என்று பிரித்து, ஒவ்வொரு கட்டையும் முழுதாக விலக்கிவைத்து ஓட்டுங்கள். விலக்கிய பள்ளிகளுக்குக் கணிக்கும்போது ரேண்டம் எஃபெக்ட் பூஜ்யம் என்றே வைக்க வேண்டும், ஏனென்றால் புதிய பள்ளியைப் பற்றி மாடலுக்கு எதுவும் தெரியாது. ஏற்கெனவே உள்ள அதே 40 பள்ளிகளின் புதிய மாணவர்களைக் கணிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் மட்டும் மாணவர்களைப் பிரிப்பது சரி.

எந்த வழியில் தேர்ந்தாலும் நிலைத்தன்மையைச் சோதித்தே ஆக வேண்டும். 40 பள்ளிகளிலிருந்து திரும்ப வைத்து 40 பள்ளிகளை எடுத்து, பிரித்தல், தரப்படுத்தல், தேர்வு என்று முழு வேலையையும் அந்தத் தரவில் மறுபடி செய்யுங்கள். 200 முறை போதும். ஒவ்வொரு மாறியும் எத்தனை முறை உள்ளே வந்தது என்று எண்ணுங்கள். இதில் அடிக்கடி தவறும் இடம் ஒன்று: 17-ஆம் எண் பள்ளி இரண்டு முறை தேர்வானால், இரண்டாவது பிரதிக்குப் புதிய பள்ளி எண் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 50 பேர் உள்ள ஒரே பள்ளியாக மாடல் அதை எடுத்துக்கொள்ளும், பள்ளிகளின் எண்ணிக்கையும் 40-இலிருந்து இருபத்தைந்து சொச்சமாக இறங்கிவிடும், மாறுபாடுகள் எல்லாம் கோணிப்போகும். 200-இல் 190 முறை வரும் மாறியும் 110 முறை வரும் மாறியும் உங்கள் கடைசி மாடலில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மரியாதையோடு நின்றிருக்கும். இந்த எண்ணிக்கைதான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

துறைக்குள் இன்னும் தீராத விஷயங்களும் உண்டு, அவற்றை உறுதி என்று சொல்ல மாட்டேன். ரேண்டம் பகுதியை ஆய்வு வடிவமைப்பு அனுமதிக்கும் அளவு முழுமையாக வைக்க வேண்டும் என்று பார் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வாதிட்டார்கள். அது வலுவைக் காவு கொடுக்கிறது, தரவு தாங்கும் அளவே போதும் என்று மாட்டுஷெக் குழுவினர் 2017-இல் எழுதினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 40 குழுக்கள் என்ற அளவில் எனக்கு இரண்டாம் தரப்பே ஏற்புடையது, முதன்மை மாறியின் சாய்வைத் தவிர. ஏஐசியிலும் இரண்டு வகை உண்டு. வழக்கமாக அச்சாகும் மார்ஜினல் ஏஐசி, ரேண்டம் எஃபெக்ட் இல்லாத மாடலின் பக்கம் சாயும் என்று கிரெவனும் நைப்பும் 2010-இல் காட்டினார்கள். கண்டிஷனல் ஏஐசி அந்தக் குறையைத் திருத்த வல்லது, ஆனால் அது ஏற்கெனவே உள்ள குழுக்களுக்குள் கணிப்பதற்கான அளவுகோல். பேய்சிய வழியில், பெரும்பாலான கெழுக்களைப் பூஜ்யத்துக்கு அருகில் சுருக்கும் ஹார்ஸ்ஷூ முன்பரவலோடு எல்லா மாறிகளையும் வைத்து ஒரு பெரிய மாடல் கட்டி, பிறகு அதன் கணிப்புக்கு ஈடுகொடுக்கும் மிகச் சிறிய மாடலை 'ப்ராஜ்ப்ரெட்' தொகுப்பால் தேடுவது கோட்பாட்டளவில் சுத்தமான வழி. கணக்கீட்டு நேரம் அதிகம் பிடிக்கும், சரிபார்ப்புக் கட்டுகளை அங்கேயும் பள்ளி வாரியாக நீங்களே அமைக்க வேண்டும்.

உங்கள் தரவில் இதை எப்படிச் செய்யலாம் என்றால், ஒரு குறிப்பிட்ட மாறியின் விளைவை அறிவதுதான் நோக்கம் என்கிற பட்சத்தில் தானியங்கித் தேர்வை விட்டுவிடுங்கள். எந்த மாறி குழப்பும் காரணி, எது இடையில் நிற்கும் விளைவு என்பதைத் தரவு சொல்லாது, பாட அறிவுதான் சொல்லும். வீட்டுப்பாடத்தின் பலனை அறிய விரும்பும்போது, வீட்டுப்பாடத்தால் கூடும் தன்னம்பிக்கையைக் கட்டுப்பாட்டு மாறியாக ஏஐசி மகிழ்ச்சியோடு சேர்த்துவிடும், அறிய விரும்பிய பலனில் ஒரு பகுதி அதற்குள் மறைந்துபோகும். நோக்கம் கணிப்பு அல்லது முதற்கட்டத் தேடல் என்றால், மதிப்பெண்ணைப் பார்க்காமலேயே முதலில் 8 பள்ளி மாறிகளை 3 அல்லது 4 ஆகக் குறையுங்கள். ஒன்றையே அளக்கும் மாறிகளைச் சேர்த்து ஒரு குறியீடாக்கலாம், அநேகமாக எல்லாப் பள்ளிக்கும் ஒரே மதிப்புள்ளதை நீக்கலாம். பத்துக் குழுவுக்கு ஒரு மாறி என்பது கைக்கணக்குத்தான், ஆனாலும் பாதுகாப்பான பக்கம் நிற்கும் கணக்கு. மாணவர் மாறிகளை இரண்டாகப் பிரித்தால் வரும் பள்ளிச் சராசரிகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், 12-க்கும் சராசரி சேர்க்காமல் கோட்பாடு கேட்பவற்றுக்கு மட்டும் சேருங்கள், மற்றவற்றைப் பள்ளிக்குள் விலகலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். விடுபட்டவற்றை எல்லா மாறிகளையும் கணக்கில் கொண்டு ஒரே தடவையாகக் கையாளுங்கள். பிறகு லாசோ, பள்ளி வாரியான 10 கட்டுகள், பள்ளி வாரியான 200 மறுமாதிரிகள். அறிக்கையில் 20 மாறிகளில் தொடங்கியதையும், எந்த விதியால் தேர்ந்தீர்கள் என்பதையும், ஒவ்வொரு மாறிக்கும் 200-இல் எத்தனை என்பதையும், தேர்வாகாதவை உட்பட, பி-மதிப்பு நெடுவரிசை இருக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள்.